பழைய கம்ப்யூட்டருக்கு மறுவாழ்வு: எதை நிறுவுவது சுலபம்?

2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வழக்கம்போல் ஓடின. எந்த யந்திரமும் நின்றுவிடவில்லை. எந்தத் திரையும் இருண்டுவிடவில்லை. ஆனாலும் அன்றோடு ஒரு காவல் நீங்கியது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதற்கு மைக்ரோசாப்ட் கம்பெனி வைத்திருந்த கெடு அன்று முடிந்தது.

வீடு இடியவில்லை, காவற்காரன் போய்விட்டான், அவ்வளவுதான். ஆனால் திருடனுக்கு அது போதுமே! இயங்குதளத்தில் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைப்பதற்கு இனி ஆள் வரமாட்டான். பாங்குக் கணக்கும், வரிக் கணக்கும், குழந்தைகளின் படிப்பும் அதே யந்திரத்தில்தானே நடக்கின்றன?

"விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸர் குறிப்பிட்ட பட்டியலில் இருக்க வேண்டும் என்று விண்டோஸ் 11 நிபந்தனைகள் விதிக்கிறது. ஏறக்குறைய 2018-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. இதனால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆராய்ச்சி நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. இவற்றில் பல நல்ல நிலையில் ஓடுபவை. விசைப்பலகையில் ஓர் எழுத்துக்கூடத் தேயாதவை.

உடைமைக்காரருக்கு மூன்று வழிகள் இருந்தன. புது யந்திரம் வாங்குவது ஒன்று. 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாப்டில் கணக்கு வைத்துக்கொண்டு சில நிபந்தனைகளை ஏற்றோ 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷத் தவணை பெறுவது மற்றொன்று. மூன்றாவது வழி, விண்டோஸை எடுத்துவிட்டு வேறோர் இயங்குதளத்தை வைப்பது. இந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான் இப்பொழுது எங்கும் பேச்சு. அயர்லாந்திலிருந்து வரும் ஸோரின் என்ற லினக்ஸ் தன் 18-வது பதிப்பை அதே அக்டோபர் 14-ந் தேதியன்றே வெளியிட்டது தற்செயல் அல்ல.

வழி இருக்கிறது; சாமானிய மனிதன் அதில் நடக்க முடியுமா? அதுதான் கேள்வி.

ஒரு பெரிய குடும்பம்

மாற்றாக வரும் இயங்குதளங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ்தான் அந்தக் குடும்பத்தின் மூதாதை. கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலை வழியாக வந்த கிளைக்கு பி.எஸ்.டி. என்று பெயர். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தாமே எழுதிய கருவும், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டத்தின் பண்டங்களும் சேர்ந்து லினக்ஸ் என்ற மற்றொரு கிளை ஆயின. லினக்ஸுக்கு இது ரத்த உறவு அல்ல, சுவீகார உறவு. ஆனால் நடை, உடை, பாவனை எல்லாம் குடும்பத்தினுடையவைதான்.

லினக்ஸ் என்பது ஒரே சரக்கு அல்ல. ஒரே அரிசியை ஒருவர் சோறாக்குகிறார், ஒருவர் இட்லியாக்குகிறார், ஒருவர் நெல்லாகவே கையில் கொடுத்துக் குத்திக்கொள்ளச் சொல்கிறார். உபுண்டு, மின்ட், டெபியன், பெடோரா, ஆர்ச், ஜென்டூ என்று இவற்றுக்குப் பல பெயர்கள். நிறுவும் முறையிலும் அதே வித்தியாசம்தான்.

அந்தக் காலத்தில்

லினக்ஸ் நிறுவுவது கடினம் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. 1993-ல் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர், பிளாப்பித் தட்டுகளில் ஏற்றிக்கொள்ளும்படி வந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் ஒரு தட்டு கெட்டுவிட்டால், அதுவரை பட்ட பாடு வீண்.

1999-ல் கால்டெரா என்ற கம்பெனி, படங்களும் பொத்தான்களும் கொண்ட நிறுவு கருவியைக் கொடுத்தது. கோப்புகள் ஏறுகிற நேரத்தில் பொழுது போக டெட்ரிஸ் விளையாட்டையும் அதிலே வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் கொண்டுவந்த நாப்பிக்ஸ் இன்னொரு படி மேலே போயிற்று. ஹார்டு டிஸ்கைத் தொடாமலே சி.டி.யிலிருந்து இயங்குதளம் முழுவதும் ஓடியது. பெண் பார்க்கப் போகிறவன் போல, முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்ற சௌகரியம் அதில் கிடைத்தது.

2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. தென் ஆப்பிரிக்கத் தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த்தின் ஆதரவில் வந்த இது, கேட்டவர்களுக்குத் தபாலிலேயே இலவச சி.டி. அனுப்பியது. 2006-ல், ஓட்டிப் பார்க்கும் சி.டி.யிலிருந்தே நிறுவவும் செய்யலாம் என்று ஆக்கியது. இன்றுள்ள சுலபமான லினக்ஸுகள் பெரும்பாலும் இந்த வழியில் நடப்பவையே.

கேட்கும் கேள்விகள் எத்தனை?

நிறுவுவது சுலபமா, கடினமா என்பதை அளக்க ஒரு நல்ல அளவுகோல் உண்டு: அந்த இயங்குதளம் எத்தனை கேள்வி கேட்கிறது, தவறாகப் பதில் சொன்னால் என்ன நஷ்டம்?

லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஸோரின் இம்மூன்றும் கேட்பவை வீட்டுக் கேள்விகள். எந்த மொழி? எந்த விசைப்பலகை? எந்த ஊர் நேரம்? உங்கள் பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன? இவற்றில் தவறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு கேள்விதான் அபாயமானது: "ஹார்டு டிஸ்க் முழுவதையும் அழித்துவிடலாமா, விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக்கொள்ளலாமா?" இதற்கு யோசித்துப் பதில் சொன்னால் மற்றதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். ஓரளவு வேகமான யந்திரத்தில் அரை மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும்.

பெடோராவின் நிறுவு கருவிக்கு அனகோண்டா என்று பெயர். 2013 ஜனவரியில் வந்த 18-வது பதிப்பில் அதை அடியோடு மாற்றினார்கள். டிஸ்கைப் பிரிக்கும் பகுதி புரியவில்லை என்று பழக்கப்பட்டவர்களே முணுமுணுத்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த 42-வது பதிப்பில் அதன் பிரதான மேஜைப் பதிப்புக்கு எளிமையான புது முகம் கொடுத்திருக்கிறார்கள்.

டெபியன் 1993-ல் பிறந்தது, உபுண்டுவுக்குத் தாய். அது கேட்கும் கேள்விகள் அதிகம். ஆனால் எல்லாம் வரிசையாக, நிதானமாக வரும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஒரு காலத்தில் பலரை மடக்கியது வேறு விஷயம். லாப்டாப்பின் வை-ஃபை ஓடுவதற்குத் தேவையான மென்பொருள் துணுக்குகள், மூல நிரல் திறந்து காட்டப்படாதவை என்பதால், டெபியன் கொள்கைப்படி அவற்றைச் சேர்ப்பதில்லை. நிறுவ ஆரம்பித்தவர் வலை இல்லாமல் திண்டாடுவார். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் ஓட்டெடுத்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த 12-வது பதிப்பிலிருந்து அந்தத் துணுக்குகள் உடன் வருகின்றன. கொள்கையா, சௌகரியமா என்ற பழைய வழக்கு அதோடு சமரசமாயிற்று.

இன்னொரு சிறு கண்ணியும் டெபியனில் இருக்கிறது. "ரூட்" எனப்படும் தலைமை நிர்வாகிக்குப் பாஸ்வேர்ட் கேட்பார்கள். அதைக் காலியாக விட்டால், சாதாரணப் பயனருக்கே "சூடோ" என்ற நிர்வாக அதிகாரம் கிடைக்கும். பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டாலோ அந்த அதிகாரம் தானாக வராது. மறுநாள் ஒரு மென்பொருள் ஏற்றப் போகிறவர், "உனக்கு அனுமதி இல்லை" என்ற செய்தியைப் பார்த்து விழிப்பார்.

நெல் குத்துகிறவர்கள்

2002-ல் தோன்றிய ஆர்ச் லினக்ஸில் பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். டிஸ்கைப் பிரிப்பது, அடித்தளத்தை ஏற்றுவது, துவக்கக் கருவியைப் பொருத்துவது எல்லாம் கைவேலை. ஜென்டூ இதையும் தாண்டியது. மூல நிரலிலிருந்து தன் யந்திரத்திலேயே எல்லாவற்றையும் தொகுத்துக்கொள்ள வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் இது ஒரு நாளில் முடியாது.

ஆனால் இங்கேயும் காற்று மாறியிருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆர்ச், கேள்வி கேட்டு நிறுவித் தரும் கருவி ஒன்றைத் தன் சி.டி. பிம்பத்திலேயே சேர்த்தது. 2023 டிசம்பரில் ஜென்டூ, தயாராகத் தொகுத்த பண்டங்களைப் பரவலாகக் கொடுக்க ஆரம்பித்தது. கஷ்டப்பட்டு நிறுவுவதே பெருமை என்று இருந்தவர்களும் இறங்கி வந்திருக்கிறார்கள். கஷ்டப்பட்டவர் நிறையக் கற்றுக்கொள்கிறார் என்பது வாஸ்தவம். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர் வேறு, கடைக் கணக்கை எழுத வந்தவர் வேறு.

பி.எஸ்.டி. கிளையின் கதை விசித்திரமானது. ஓபன் பி.எஸ்.டி.யின் நிறுவு கருவியில் படமே இல்லை, வெறும் எழுத்து. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே அடைப்புக்குள் ஒரு விடை எழுதியிருக்கும். ஒத்துக்கொண்டால் என்டர் விசையைத் தட்ட வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த விடையே சரியானது. சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். முதல் தடவை உள்ளே நுழைந்தால், அதை நிறுவிய தியோ டி ராட் பெயரில் ஒரு வரவேற்புக் கடிதமும் காத்திருக்கும்! பார்க்கப் பயமுறுத்துவது சில சமயம் பழகச் சுலபம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. மற்ற யந்திரங்களுக்கு அஞ்சல் இட்டுவிட்டு, விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ நினைப்பவருக்குத்தான் இது தொல்லை.

பிரீ பி.எஸ்.டி. 2012-ல் வந்த 9-வது பதிப்பிலிருந்து புது நிறுவு கருவியைக் கையாளுகிறது. நிறுவுவதில் கஷ்டம் இல்லை; முடிந்த பிறகுதான் திகைப்பு. வழக்கமாக நிறுவியவர் முன் நிற்பது எழுத்துத் திரை மட்டுமே. ஜன்னல்களும் சித்திரங்களும் வேண்டுமானால் தனியே ஏற்றிக்கொள்ள வேண்டும். நெட்பிளிக்ஸ் கம்பெனி தன் படங்களை உலகுக்கு அனுப்பும் யந்திரங்களில் இதைத்தான் ஓட்டுகிறது. அங்கே ஜன்னலுக்கு அவசியம் இல்லை. நிறுவும் முறை மோசம் என்று இதைச் சொல்லக் கூடாது. அது வேறு ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு செய்யப்பட்டது.

கதவுக்கு வெளியே

ஆகவே, நிறுவு கருவிகளை மட்டும் ஒப்பிட்டால், 2026-ஐத் தொடும் காலத்தில் மின்டும் உபுண்டுவும் சாமானியருக்குச் சுலபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புதியவர்களில் பலர் நிறுவு கருவியைக் கண்ணால் காணுமுன்பே திரும்பிவிடுகிறார்கள். ஏன்?

முதலாவதாக, இயங்குதளத்தின் பிம்பத்தை வலையிலிருந்து இறக்கி, அதைப் பென் டிரைவில் துவக்கத் தட்டாக எழுத வேண்டும். சாதாரணமாக நகல் எடுப்பதுபோல் எடுத்தால் போதாது. ரூஃபஸ் போன்ற ஒரு கருவி வேண்டும். இரண்டாவதாக, யந்திரத்தை முடுக்கும்போது "ஹார்டு டிஸ்கிலிருந்து வேண்டாம், பென் டிரைவிலிருந்து ஆரம்பி" என்று சொல்ல வேண்டும். அதற்கான விசை ஒரு கம்பெனியில் எஃப் 12, மற்றொன்றில் எஃப் 2, இன்னொன்றில் எஸ்கேப். யாரும் அதை யந்திரத்தின் மேல் எழுதி ஒட்டுவதில்லை.

மூன்றாவது, பூட்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கையெழுத்திடப்பட்ட இயங்குதளத்தை மட்டுமே உள்ளே விடும் "செக்யூர் பூட்" என்ற ஏற்பாடு யந்திரங்களில் இருக்கிறது. உபுண்டு, பெடோரா, டெபியன், மின்ட் ஆகியவை மைக்ரோசாப்டின் கையெழுத்துப் பெற்ற சிறு நிரல் வழியாக இதைத் தாண்டுகின்றன. ஆர்ச் லினக்ஸின் பிம்பத்துக்கும் ஓபன் பி.எஸ்.டி.க்கும் அந்தக் கையெழுத்து இல்லை. பூட்டைத் தளர்த்திய பிறகே அவை நுழையும். மேலும், டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. வைத்தால், பழைய புகைப்படங்களுக்கும் பத்திரங்களுக்கும் தலைமுழுக வேண்டியதுதான்.

இந்த மூன்று தடைகளும் எல்லா இயங்குதளங்களுக்கும் பொது. இவற்றுள் எதுவும் லினக்ஸ் செய்த தடை அல்ல.

நிறுவாதவர்களின் வெற்றி

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். யூனிக்ஸ் குடும்பத்தில் ஜனங்கள் அதிகமாகக் கையாளுபவை எவை? ஆப்பிளின் மாக்கும், ஆண்ட்ராய்டு கைபேசியும். மாக் இயங்குதளம் 2007-லேயே யூனிக்ஸ் என்று முறைப்படி சான்று பெற்றது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கரு. இவற்றை வாங்கியவர்களில் எத்தனை பேர் எதையாவது நிறுவினார்கள்? கடையிலேயே எல்லாம் தயாராக வந்தது. கறுப்புத் திரைக்குப் பேர்போன ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டப்பட்ட இயங்குதளம்தான் 2022-ல் வந்த ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியில் ஓடுகிறது. சிறுவர்கள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து விளையாடுகிறார்கள்.

விண்டோஸும் இப்படித்தான். அதைச் சுலபம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு முறைகூட நிறுவிப் பார்த்தவர்கள் அல்லர்.

ஸ்தாபனங்களில் வேறொரு பாடம் கிடைக்கிறது. ஜெர்மனியின் மூனிக் நகரசபை 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்து வருஷத்தில் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியும் காட்டியது. பிறகு 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. நிறுவ முடியாமல் போனதால் அல்ல. நிர்வாகத்திலும் அரசியலிலும் ஆதரவு நிலைக்காததால். அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ராஜ்ய சர்க்கார், சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கும் பின்னர் லினக்ஸுக்கும் மாற்றுவது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தது. அண்டையிலுள்ள கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதியதால் அது நிலைத்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு 2007-ல் வெளியிட்ட "பாஸ்" லினக்ஸ், இந்திய மொழிகளையும் கருதிச் செய்யப்பட்டது. சரக்குக்குப் பஞ்சமில்லை; பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

என்ன செய்வது?

பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்கில் பிரதி எடுப்பது. அடுத்தது, பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது. வை-ஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று நிறுவுமுன்பே தெரிந்துவிடும். கணக்கு எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால், அதற்கு வழி செய்யாமல் மாறக் கூடாது. மிகப் பழைய 32-பிட் யந்திரமானால் உபுண்டுவும் மின்டும் பயன்படா. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ம் அதில் புதிதாக நிறுவ இடம் தரவில்லை.

காவல் காலத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு காவற்காரன் போனதால்தானே இத்தனை பாடும்? உபுண்டுவின் நீண்ட காலப் பதிப்புக்கும் மின்டுக்கும் ஐந்து வருஷக் காவல் உண்டு. பெடோராவின் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம், ஓபன் பி.எஸ்.டி.க்குச் சுமார் ஒரு வருஷம். அதற்குள் அடுத்த பதிப்புக்கு ஏற வேண்டும். நிறுவுவது ஒரு நாள் வேலை. காப்பது வருஷக்கணக்கான வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த லினக்ஸ் சிறந்தது என்று கேட்பதற்கு முன், தெருவிலோ ஆபீஸிலோ எந்த லினக்ஸ் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேட்பது புத்திசாலித்தனம். அவருக்குத் தெரிந்ததே இவருக்குச் சுலபமானது. முப்பது வருஷத்துக்கு முன் நிபுணர்கள் மட்டும் செய்த காரியத்தை இன்று அரை மணி நேரத்தில் செய்து முடிக்கும்படி உலகெங்குமுள்ள தொண்டர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். மிச்சமிருப்பது மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவிதான். ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு நூல் நிலையத்திலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து அந்த உதவியைச் செய்தால், குப்பைக்குப் போகவிருக்கும் யந்திரங்களில் பல, ஏழை மாணவர்களின் மேஜைக்குப் போய்ச் சேரும்.